மசக்கைக் காலத்துச் சோறு

ரங்கூனில் எங்கள் உறவுக்குள் ஒரு பெண் உண்டாகியிருக்கும் செய்தியை மூன்று மாதம் முடியும்வரை வெளியே விடுவதில்லை. கண்ணேறு படும் என்பது எல்லாரும் சொல்லும் காரணம். தொடக்கத்திலேயே கரு தங்காமல் போனால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். இந்த இரண்டாவதில் பெண்ணின் மீதான கரிசனம் இருப்பதால் அந்த வழக்கத்தை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருப்பது என்பது பல வீடுகளில் மருத்துவரிடமும் பேட்டைக்கு வரும் செவிலியான சயாமாவிடமும்கூடச் சொல்லாமல் இருப்பதாக நீண்டுவிடுகிறது. ஐந்தாம் மாதம் வகைவகையாகச் சோறு கிளறிக்கொண்டு உறவினர் வந்து சேரும்போது, உணவும் மாத்திரையும் கருவுக்கு மிக அதிகமாக உதவியிருக்கக்கூடிய வாரங்கள் கடந்து போயிருக்கும்.

என் தம்பியின் மனைவி தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள். அவளுக்கு என்ன கொடுப்பது, எதைத் தடுப்பது என்று வீட்டில் நடந்த வாதங்களில் நானும் ஒரு கட்சியாக இருந்ததால், படித்தும் மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். சர்க்கரை நோய், வலிப்பு நோய், தைராய்டு போன்றவற்றுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பெண்கள் தங்கள் மருத்துவர் சொல்வதையே முதலில் கேட்க வேண்டும்.

"இரண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று என் அம்மா மருமகளின் தட்டில் இன்னொரு அகப்பைச் சோறு வைப்பார். அவள் "போதும் அத்தை" என்று கையைக் குறுக்கே வைப்பாள். இதில் மருமகள் பக்கமே நியாயம் இருந்தது. முதல் மூன்று மாதத்தில் ஒரு கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட அதிகமான சோறோ எண்ணெயோ ஏறக்குறையத் தேவைப்படுவதே இல்லை. பன்னிரண்டாம் வாரத்தின் முடிவில் கரு ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமும் பதினான்கு கிராம் அளவு எடையும் கொண்டது, அவ்வளவுதான். கூடுதலாகச் சாப்பிட வேண்டிய காலம் நான்காம் மாதத்துக்குப் பிறகு வருகிறது. தொடக்கத்தில் அளவைவிட, தட்டில் இருப்பது எது என்பதே பெரிய கேள்வி. ஏனென்றால் மூளையாகவும் தண்டுவடமாகவும் பின்னர் மாறப்போகிற நரம்புக் குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளுக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது. அப்போது அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரந்தான் ஆகியிருக்கும். பலருக்கு அது கர்ப்பந்தானா என்ற சந்தேகமே இன்னும் தீர்ந்திருக்காது.

அந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு வேண்டிய சத்து ஃபோலேட். அதன் கதை நமக்கு நெருக்கமான இடங்களில் தொடங்கியது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள் என்பதை 1931-இல் வெளியிட்டார். அவருடைய ஆய்வில் ஒரு பகுதி நீலகிரியில் குன்னூரிலும் நடந்தது. ஈஸ்ட்டில் இருந்த அந்தப் பொருளே ஃபோலேட் என்பது பின்னர் தெரியவந்தது. நரம்புக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களுக்கு, ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலம் கொடுத்தால் அதே குறை மறுபடி வருவது நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைகிறது என்பதை 1991-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது.

எங்கள் சமையலறை இதில் ஒன்றும் மோசமில்லை. சென்னை மக்கள் வாங்கும் உளுந்திலும் துவரையிலும் ஒரு பங்கு இந்த நாட்டு வயல்களிலிருந்து போகிறது; விளையும் இடத்திலேயே இருக்கும் நாம் அதைக் குறைவாகச் சாப்பிட ஒரு காரணமும் இல்லை. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 170 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது, வெந்த துவரம்பருப்பில் சுமார் 110, உளுந்தில் 90-க்குச் சற்று மேல். அதே எடை வெள்ளைச் சோற்றில் இருப்பது வெறும் மூன்று மைக்ரோகிராம். ஆகவே சோற்று மலையின் ஓரத்தில் சாம்பாரை ஓடவிடும் நம் வழக்கத்தைத் தலைகீழாக்கி, பருப்பைக் கெட்டியாக எடுத்து அதற்குத் தக்கபடி சோறு போட்டுக்கொள்வதே இந்தக் காலத்துக்கு ஏற்றது. காலையில் தெருமுனையில் 'நான்' என்னும் ரொட்டியோடு விற்கும் முளைகட்டி அவித்த பட்டாணி, வெந்நீரில் குளித்த மாதிரி சூடாகக் கிடைத்தால், அதைவிட நல்ல காலை உணவு குறைந்த விலையில் இந்த ஊரில் இல்லை. கீரையிலும் ஃபோலேட் உண்டு. பர்மியர் புளிக்கூட்டுக்கு விரும்பும் புளிச்சகீரை, வள்ளைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை எல்லாமே ஆகும். ஆனால் ஃபோலேட் தண்ணீரில் கரைவதும் சூட்டில் அழிவதுமான சத்து. கீரையை நிறையத் தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால், பாதியளவும் அதோடு போய்விடலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உணவு மட்டும் போதாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தை உடல் கீரையில் உள்ளதைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறது. தினமும் 400 மைக்ரோகிராம் வேண்டும், அதுவும் கருவுறுவதற்கு முன்பே தொடங்கிப் பன்னிரண்டு வாரம்வரை என்பதே உலகமெங்கும் மருத்துவர்கள் சொல்வது. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் நாளிலிருந்து மணப்பெண் இதைச் சாப்பிட்டால், செய்தியை மூன்று மாதம் மறைத்து வைப்பதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. முன்பு குறையுள்ள குழந்தை பிறந்தவர்களுக்கும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த அளவு போதாமல் பத்து மடங்கு வரைகூட மருத்துவர் எழுதிக்கொடுப்பது உண்டு என்பதால், அவர்கள் கடையில் கேட்டு வாங்குவது சரியில்லை.

இரும்புச்சத்துக்கு வருகிறேன். 2015–16-இல் மியன்மாரில் நடந்த மக்கள்தொகை, நல்வாழ்வுக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 47 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்களாக இருந்தார்கள். பாதிப் பெண்கள் குறைந்த இரத்தத்தோடுதான் கர்ப்பத்துக்குள் நுழைகிறார்கள் என்பது அதன் பொருள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை; கூடவே எலுமிச்சை, தக்காளி, கொய்யா போன்ற புளிப்போ பழமோ இருந்தால் எடுத்துக்கொள்கிறது, தேநீர் இருந்தால் மறுக்கிறது. தேநீர்க் கடையே இரண்டாவது வீடாக இருக்கும் இந்த ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும், நாளுக்கு இரண்டு கோப்பைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. லப்பெத், அதாவது ஊறவைத்த தேயிலையைக் கடலையும் எள்ளும் சேர்த்துத் தின்பது, பலருக்கு ஊறுகாய்க் கணக்கில்தான் படுகிறது. அதுவும் தேயிலைதான், அதிலும் காஃபீன் இருக்கிறது. ஆகவே நாளின் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

வெற்றிலை பாக்கைப் பற்றி எங்கள் வீட்டில் பேசவே முடியாது. என் பெரியம்மா மூன்று பிள்ளையையும் பாக்கை அடக்கிக்கொண்டுதான் பெற்றதாகச் சொல்வார். குமட்டலுக்கு வாயில் ஏதாவது போட்டுக்கொள்ளத் தோன்றுவது இயல்பு, தெருவுக்குத் தெரு வெற்றிலை மடித்து விற்கும் குன்யா பெட்டியும் இருக்கிறது. ஆனால் பாக்கு மெல்லும் கர்ப்பிணிகளுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகையிலை சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

தடைகள் என்று எடுத்தால், நம்மிடம் நம்முடைய பட்டியல் ஒன்று இருக்கிறது, பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணியிடம் அவருடைய பட்டியல் ஒன்று இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் தட்டில் சோறும் உப்பும் மட்டுமே மிஞ்சும். பப்பாளி இரண்டிலும் மாட்டுகிற பழம். அதில் ஓரளவு விவரம் தெரிந்திருக்கிறது: சிங்கப்பூரில் எலிகளை வைத்துச் செய்து 2002-இல் வெளியான ஆய்வில், நன்றாகப் பழுத்த பப்பாளி தீங்கு செய்யவில்லை, காயின் பால்தான் எலியின் கருப்பையைச் சுருங்க வைத்தது. ஆகவே ரங்கூன் தெருக்களில் இடித்து விற்கும் பப்பாளிக்காய்ச் சாலட்டைத் தவிர்ப்பது அறிவு. பழுத்த பழத்தில் இரண்டு துண்டு தின்றவளை வீடே சேர்ந்து அழவைப்பதை என்னவென்று சொல்வது? எள்ளும் அன்னாசியும் உணவாகச் சாப்பிடும் அளவில் கருவைக் கலைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. தொடக்கத்தில் கலைந்துபோகும் கருக்களில் பாதிக்கு மேல் குரோமோசோம் பிழையால் கலைகின்றன. அந்தத் துக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அவள் தின்ற எள்ளுருண்டையை நினைவூட்டுவது கொடுமை.

உண்மையில் தவிர்க்க வேண்டியவை இந்தத் தடைகளில் இடம்பெறுவதே இல்லை. வேகாத மீன், வேகாத முட்டை, காய்ச்சாத பால், காலையில் செய்து வெயிலில் மூடாமல் கிடக்கும் சாலட், ஊறவைத்துச் சமைக்காமலே தின்னும் புளித்த மீன் ஆகியவை கிருமிக்கும் புழுவுக்கும் வாசல். சுறா, வஞ்சிரம் போன்ற பெரிய கடல்மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். குளத்து ரோகுவும் சின்ன மீன்களும் அந்த வகையில் கவலையில்லாதவை. ஈரல் இரும்புக்கு நல்லது என்று வாரம் இரண்டு முறை வாங்கிவரும் மாமியார்கள் உண்டு. அதில் வைட்டமின் ஏ மிக அதிகமாக இருப்பதால் முதல் மூன்று மாதத்தில் அதை விட்டுவிடுவது நல்லது. சுத்த சைவமாக இருக்கும் வீடுகளில் வைட்டமின் பி12 எந்தக் கீரையிலிருந்தும் கிடைக்காது, இட்லி மாவு புளிப்பதாலும் கிடைக்காது. பாலும் தயிரும் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாத்திரை கேட்க வேண்டும். உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். கரை ஓரத்திலிருந்து வரும் கல்லுப்பு ருசியாக இருக்கலாம், அதில் அயோடின் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

இனி அரிசி. மற்ற எல்லாவற்றையும்விட நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த நாட்டில் தாய்க்கும் சேய்க்கும் வரும் ஒரு தனி ஆபத்து சோற்றுப் பானைக்குள்ளேயே இருக்கிறது. வைட்டமின் பி1 என்னும் தையமின் சத்து நெல்லின் உமிக்குக் கீழே உள்ள தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் பளபளவென்று தீட்டும்போது அது தவிடோடு போய்விடுகிறது. தீட்டிய பச்சரிசி 100 கிராமில் மிஞ்சுவது சுமார் 0.07 மில்லிகிராம், கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 1.4 மில்லிகிராம். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பிறகு குத்தினால், அவிக்கும்போதே அந்தச் சத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கல் அரிசியில் பச்சரிசியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தையமின் இருக்கிறது. நம் முன்னோர் இதை அறிந்து அவிக்கவில்லை. புழுக்கினால் அரிசி நொறுங்காது, நாள்பட இருக்கும் என்பதற்காக அவித்தார்கள். ஆனாலும் பலன் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் தையமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் கூலித் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களுக்கு அது வருவதையும் புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களுக்கு அனேகமாக வராததையும் பிராடன் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்னார். பின்னர் கோலாலம்பூர் மனநல விடுதியிலும் சாலைப் பணியாளர் முகாம்களிலும் நடந்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின.

இன்று ரங்கூன் தமிழ் வீடுகளில் என்ன நடக்கிறது? புழுங்கல் அரிசி இட்லிக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது, மதியச் சோற்றுக்குப் பவ்சான் பச்சரிசி வந்துவிட்டது. மணத்திலும் மென்மையிலும் அதற்கு இணை இல்லை, 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்ற பரிசையும் அது பெற்றது, எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதை நாலைந்து தண்ணீரில் களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், இருந்த கொஞ்சத் தையமினும் சாக்கடைக்குப் போகிறது. இந்த நாட்டில் பிறந்து இரண்டு மூன்று மாதமான குழந்தைகள் திடீரென்று குரல் கம்மி, மூச்சுத் திணறி, இதயம் வீங்கி இறந்துபோகும் பிஞ்சுப் பெரிபெரி இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. 1980-களின் முடிவில் தாய்லாந்து எல்லையில் ஷொக்லோ முகாமில் வாழ்ந்த கரேன் அகதிகளிடையே ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் இந்த நோயால் இறந்தன என்பது தெரியவந்தது. நோயைக் கண்டறிந்து தையமின் கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்த இறப்பு பெருமளவு குறைந்தது. மியன்மார் சுகாதாரத் துறை கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்திலிருந்து பிள்ளை பிறந்து மூன்று மாதம்வரை தாய்க்குப் பி1 மாத்திரை கொடுக்கும் ஏற்பாட்டை வைத்திருப்பது இதனால்தான்.

அப்படியானால் முதல் மூன்று மாதத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் உடல் தையமினை அதிகம் சேர்த்து வைப்பதில்லை. மொத்தக் கையிருப்பே சுமார் 30 மில்லிகிராம், வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்துவிடும். வெள்ளைச் சோற்றிலேயே வளர்ந்த பெண்ணுக்குக் கையிருப்பு முதலிலேயே குறைவு. அவளுக்கு ஆறாம் வாரத்தில் வாந்தி தொடங்கி, ஒன்பதாம் வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. பருப்பு வாசனை ஆகாது, மீன் ஆகாது, தண்ணீர்ச் சோறும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டும் இறங்குகின்றன. வரத்து நிற்பது என்பது இதுதான்.

ஆகவே வாந்தி தொடங்குவதற்கு முன்பே, உண்டாகும் எண்ணம் இருக்கும்போதே, சோற்றை மாற்றுவது நல்லது. முழுக்கப் புழுங்கலுக்கு மாற மனம் இல்லாவிட்டால் ஒருவேளையாவது மாறலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் சம்மதம் பகலுக்கு மட்டுமே கிடைத்தது, இரவு பவ்சான்தான். அரிசியை இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும், வடிக்காமல் அளவுத் தண்ணீரில் வேகவைத்தால் போதும். வடித்தே பழகியவர்கள் கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடிக்கலாம். துவரை, பாசிப்பருப்பு, வேர்க்கடலை, எள் எல்லாமே தையமின் நிறைந்தவை. மகுவே பக்கத்து வேர்க்கடலை அவித்துச் சந்தைக்கு வரும் காலத்தில் கைப்பிடி அவித்த கடலை ஒரு மருந்துக்குச் சமம். பன்றி இறைச்சி சாப்பிடும் வீடுகளுக்கு அதுவும் நல்ல வழி. நப்பி என்னும் மீன் விழுதையும் புளித்த மீனையும் பச்சையாகத் தின்றால் அவற்றில் உள்ள ஒரு நொதி தையமினை அழிக்கும், வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தேயிலையும் பாக்கும் இங்கேயும் எதிர்க்கட்சிதான்.

என் தம்பி மனைவிக்கு ஏழாம் வாரத்திலிருந்து தாளிக்கும் வாசனையே ஆகவில்லை. "அண்ணி, சமையலறைக் கதவைச் சாத்திடுங்க" என்பதுதான் அவளுடைய காலை வணக்கம். தாளிக்காமல் பூண்டும் மஞ்சளும் போட்டு வேகவைத்து மசித்த பருப்பை ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்து கொடுத்தபோது இறங்கியது. சூடான உணவைவிட ஆறிய உணவில் வாசனை எழுவது குறைவு என்பதுதான் சூட்சுமம். படுக்கையை விட்டு எழுமுன் இரண்டு வாய் பொரி, பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம், தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையில் குடிப்பது, இஞ்சித் தேனூறல் என்று நாள்கள் ஓடின. இஞ்சி குமட்டலைக் குறைப்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன, பி6 மாத்திரையும் உதவும். இரும்பு மாத்திரை குமட்டலைக் கூட்டினால், மருத்துவரைக் கேட்டு அதைச் சில வாரம் தள்ளிப்போடலாம். ஃபோலிக் அமில மாத்திரை மிகச் சிறியது, அதை மட்டும் விடக்கூடாது. இந்த வாரங்களில் சத்தான சாப்பாடு இறங்கவில்லையே என்று அவளைத் துரத்த வேண்டியதில்லை; இறங்குவது எதுவோ அதுவே அன்றைய நல்ல உணவு.

தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் அடர்மஞ்சளாகக் குறைந்து, எடை நூற்றுக்கு ஐந்து பங்கு இறங்கினால், அது மசக்கை என்று வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலை அல்ல. மருத்துவமனைக்குப் போக வேண்டும். இங்கே உடம்பு அசந்தாலே "ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிடலாம்" என்று பேட்டை மருந்தகத்தில் படுக்கவைப்பது வழக்கம். வாரக்கணக்கில் வாந்தியெடுத்துத் தையமின் தீர்ந்துபோன உடலுக்குள், தையமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிஞ்சியிருக்கும் துளியும் அந்தச் சர்க்கரையை எரிப்பதிலேயே செலவாகி, மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறிகள். ஆகவே கூடப் போகிறவர், அது கணவனோ மாமியாரோ நாத்தனாரோ, "எத்தனை வாரமாகச் சாப்பாடு தங்கவில்லை" என்பதை முதலில் சொல்லி, பாட்டில் ஏற்றுவதற்கு முன்பே பி1 ஊசி போட வேண்டுமா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சயாமாவோ மருத்துவரோ அந்தக் கேள்வியால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.